ஸ்விட்சில் எண்ணெய் விடாதீர்கள்

வணக்கம். மண்டப வாசலில் சோதனைக்கு வைத்திருக்கும் கையடக்க மெட்டல் டிடெக்டரின் ஸ்லைடு ஸ்விட்ச் இறுகிவிட்டது, ஆட்டினால்தான் ஆன் ஆகிறது, தேங்காய் எண்ணெய் விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். முதலில் வழுக்கிக்கொண்டு நகரும், அப்புறம் தூசியை இழுத்துப் பசையாக்கிவிடும்.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். காய்ந்த பழைய டூத் பிரஷ்ஷால் ஸ்விட்ச் இடுக்கைத் தேய்த்துவிட்டு, எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை (மின் தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) கொஞ்சமாக அடித்து, ஸ்விட்சை இருபது முப்பது தடவை முன்னும் பின்னும் தள்ளுங்கள். அந்தத் திரவம் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் நன்றாகக் காய்ந்த பிறகே பேட்டரியைப் போடுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் உள்ளே தகடு தேய்ந்திருக்கும். ஸ்விட்ச் மலிவுதான், ரேடியோ பழுது பார்ப்பவர் சால்டர் செய்து மாற்றித் தருவார்.

இனிமேல் தூசி ஏறாமல் இருக்க, கைப்பிடிக்கு மட்டும் மெல்லிய பிளாஸ்டிக் உறை போடுங்கள். வியர்வையும் உள்ளே போகாது. கிழிந்தால் மாற்றிக்கொள்ளலாம். பளபளக்கும் அலுமினியத் தாள் மட்டும் வேண்டாம், கருவி அதையே உலோகமாக எடுத்துக்கொண்டு கத்தும்.

எனக்குக் கவலை வேறு. பாதிச் சோதனையில் ஸ்விட்ச் விட்டுப்போனால் காவலருக்குத் தெரியாது, ஆள் உள்ளே போய்விடுவார். அதனால் ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் ஒரே சாவியைக் காட்டி, ஸ்விட்சை லேசாக அசைத்துக்கொண்டே சத்தம் அறுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அறுந்தால் அந்தக் கருவியை அன்றைக்கே வாசலிலிருந்து எடுத்துவிடுங்கள்.