கேள்வி: வீடியோ கேம் இசைக்கும் எலக்ட்ரானிக் நடன இசைக்கும் உண்மையில் தொடர்பு உண்டா, அல்லது இரண்டும் வெறும் இரைச்சல்தானா?

‘இரைச்சல்’ என்ற சொல்லைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஹெட்போனில் இத்தகைய இசையைக் கேட்டு வீட்டில் திட்டு வாங்கியவர் நீங்கள் என்றே எண்ணுகிறேன். நான் மதுரை செல்லூரில் வளர்ந்தவன்; மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவன்.

சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மணிக்கு ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு டிவி கேம் ஆட விடுவார்கள். என் முறை வரும்வரை டிவியின் ஸ்பீக்கர் பக்கமே காதை வைத்திருப்பேன். அந்தப் பெட்டி, 1983-இல் ஜப்பானில் வெளிவந்த ஃபேமிகாமின் நகல் என்பது பின்னாளில்தான் தெரிந்தது. அதன் சிப்பில் ஐந்தே குரல்கள்: பெரும்பாலும் மெட்டுக்கு இரண்டு, பேஸ் எனும் கீழ்ச்சுரங்களுக்கு ஒன்று, தாளத்துக்கு இரைச்சல் ஒன்று, சிறு ஒலிப்பதிவுகளுக்கு ஒன்று. இருக்கும் குரல்களில் ஒரு கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டை, முழுதாக ஒலிக்க இடம் போதாத நிலையில், அதன் மூன்று சுரங்களையும் காது பிரித்தறிய முடியாத வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடும் உத்தி பிறந்தது. பழைய கேம் கருவிகளிலேயே இசையமைக்கும் சிப்டியூன் கலைஞர்களின் அடையாளமே அந்த ஓட்டம்தான்.

2004-இல் திருமங்கலம் பக்கத்து ஊர்ப் பொங்கல் மேடை ஒன்றில், இரண்டு பாடல்களுக்கு இடையே அதே ஓட்டத்தை வாசித்தேன். முன்வரிசைப் பாயில் இருந்த இரண்டு சிறுவர்கள், கையில் ரிமோட் இருப்பதைப்போல் கட்டைவிரல்களை அசைத்தார்கள். குழுத்தலைவரோ, “தம்பி, டிவி கேம் சத்தத்துக்கெல்லாம் சம்பளம் கிடையாது” என்று சொல்லி, பேசிய எழுநூறில் இருநூறைப் பிடித்துக்கொண்டார். அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. இதைச் சொல்வதால் நாதஸ்வரத்தையோ மெல்லிசையையோ நான் தாழ்த்துவதாக யாரும் எண்ண வேண்டாம்; அவற்றை வாசித்தவர்களோடுதான் வாழ்ந்திருக்கிறேன்.

தொடர்பு இருவழியாகவும் ஓடியது: கேம் ஒலி சிப்டியூனாக வெளியே வந்ததைப்போல, நடன இசையும் கேமுக்குள் போனது. 1991-இல் சேகா மெகா டிரைவ் கேம் கருவியில் வந்த ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ்’ ஆட்டத்துக்கு இசையமைத்த யூசோ கோஷிரோ, அமெரிக்க கிளப்புகளில் வளர்ந்த ஹவுஸ், டெக்னோ எனும் எலக்ட்ரானிக் நடன இசை வகைகளை, ஓர் அலையால் இன்னொன்றை மாற்றி ஒலி உண்டாக்கும் ‘எஃப்எம்’ முறையில் ஆறு குரல்கள் கொண்ட யமஹா சிப்புக்குள் கொண்டுவந்தார். 2019-இல் மார்ஷ்மெல்லோ என்ற டிஜே ஃபோர்ட்நைட் ஆட்டத்துக்குள்ளேயே கச்சேரி நடத்தியதைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். என் மதிப்பில் கோஷிரோ செய்ததே பெரிது.

இவ்விரு இசைகளும் இயல்பாகப் பொருந்தியதற்குக் காரணம் இருக்கிறது. ஆட்டக்காரர் ஒரு கட்டத்தைப் பத்து நொடியிலும் முடிக்கலாம், பத்து நிமிடமும் அங்கேயே திணறலாம். ஆகவே சில ஆவர்த்தனங்களே திரும்பத் திரும்ப வந்தாலும் சலிக்காதபடி அமைத்தாக வேண்டும். நடனத் தளத்தில் டிஜே செய்ய வேண்டியதும் இதுவே.

வீட்டில் யாரேனும் இரைச்சல் என்றால், கோஷிரோவின் அந்த இசையைப் போட்டு, மெட்டை விட்டுவிட்டு பேஸை மட்டும் இரண்டு நிமிடம் பின்தொடரச் சொல்லுங்கள்.