தினமும் உடன் வைத்துக்கொள்ள மடக்குக் கத்தி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பூட்டை, அதாவது திறந்த அலகு மடங்காமல் பிடித்து நிறுத்தும் அமைப்பைப் பாருங்கள். அலகின் பளபளப்பெல்லாம் அப்புறம். கத்தியைத் திறந்து அலகை மேலும் கீழுமாகவும் பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வேண்டாம். வேலை நடுவே மடங்கினால் வெட்டுப்படுவது உங்கள் விரல்தான். லைனர் லாக் (பிடிக்குள் உள்ள தகடு நகர்ந்து அலகைத் தாங்கும் பூட்டு) என்றால், அந்த உள்தகடு அலகின் அடிப்பாகத்தில் நன்றாகப் பதிந்து நிற்க வேண்டும். விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் நழுவிவிடும். பிரெஞ்சுக் கத்தி நிறுவனமான ஒபினெல் 1955-இல் கொண்டுவந்த சுழலும் வளையப் பூட்டு எனக்கு மிகவும் பிடித்தது, அவ்வளவு எளிமை.

எஃகில் டி2 என்ற வகை நெடுநாள் கூர் மங்காது, ஆனால் ஈரத்தோடு விட்டால் துருப்பிடிக்கும். பழமும் நறுக்குவீர்கள் என்றால் எளிதில் துருப்பிடிக்காத 14சி28என் வகை எஃகில் வாங்குங்கள், தீட்டுவதும் சுலபம். அலகு 7-8 செ.மீ. போதும். எடுத்துச் செல்வது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், வாங்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.