கவலை வேறு, மனச்சோர்வு வேறு

கேள்வி: அயல் வீட்டுப் பெரியவர் ஒருவர் காலமானதைச் சென்னையில் வசிக்கும் கணவரின் தங்கையிடம் தொலைபேசியில் கூறி, "சரியான கவலையாய்க் கிடக்கு" என்றேன். அவரோ, "எதுக்குக் கவலைப்படுறீங்க அண்ணி, எல்லாம் சரியாயிடும்" என்று தேற்றினார். துயரத்தைக் கவலை என்பது பிழையா? மனச்சோர்வு என்றால் பொருந்துமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: பிழையன்று. இலங்கைத் தமிழர் பேச்சில் கவலை என்பது முதன்மையாகத் துயரத்தையே குறிக்கிறது. செத்த வீட்டுக்குப் போனவர் "கேள்விப்பட்டுக் கவலையாய்ப் போச்சு" என்பது அதனாலேயே. இனி என்ன ஆகுமோ என்று மனம் உளைவதற்கு நம்மிடம் உள்ள சொல் யோசனை. "ஒண்டுக்கும் யோசிக்காதையுங்கோ" என்று நாம் ஆறுதல் கூறினால், சிந்திக்கவே வேண்டாம் என்கிறார்களா எனத் தமிழகத்தவர் திகைப்பதுண்டு. அங்கே அந்த இடத்தில் கவலை வழங்குவதால், துயரத்தைப் பெரும்பாலும் வருத்தம் என்பார்கள். அதுவோ நமக்கு நோய். உங்கள் மைத்துனி "வருத்தமாக இருக்கிறது" என்றிருந்தால், மருந்து எடுத்தாரா என்று நீங்கள் கேட்டிருக்கக்கூடும்.

நமது வழக்குக்குப் பழைய சான்றும் உண்டு. "மனக்கவலை மாற்றல் அரிது" என முடியும் ஏழாம் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர், மனக்கவலையை மனத்தின்கண் நிகழும் துன்பங்கள் என்றே விரிக்கிறார்.

மனச்சோர்வு இவ்விடத்துக்குப் பொருந்தாது. சோர்தல் என்பதற்குத் தளர்தல், நழுவுதல், வழிதல் என்பன பொருள். கண்ணீரும் சோரும், கட்டவிழ்ந்த கூந்தலும் சோரும். ஆனால் மனச்சோர்வு இன்று மருத்துவக் கலைச்சொல்லாக நிலைத்துவிட்டது. குறைந்தது 2 வாரங்களாக, ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதியில் மனம் தாழ்ந்திருப்பதும், முன்பு விரும்பிச் செய்தவற்றிலும் நாட்டம் அற்றுப்போவதும், அவற்றோடு உறக்கமும் பசியும் குலைவதும் அதன் முக்கிய அறிகுறிகள். அயலவரின் மறைவால் வரும் இயல்பான துயரத்துக்கு அச்சொல்லை இடுவது மிகை. மனச்சோர்வை மன அழுத்தம் என்று எழுதுவோரும் உளர். வேலைப்பளு, கடன் போன்ற நெருக்கடிகளால் எழும் இறுக்கத்துக்கே அச்சொல்லை ஒதுக்கிவைப்பது நல்லது என்பது என் கருத்து.

எனினும், மருத்துவர் மனச்சோர்வு என்று பெயரிடும் நிலையில் இருப்பவரும் நம் வீடுகளில் "கவலையாய்க் கிடக்கு" என்றே சொல்வார். ஆகவே அப்படிச் சொல்பவரிடம், எத்தனை நாளாக என்று கேட்டுப்பாருங்கள். வாரக்கணக்கு என்றால் மருத்துவரை நாடலாம். அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தை 1926 என்ற இலக்கத்தில் அழைத்தும் பேசலாம்.