சிக்னேச்சர் கிட்டார் வாங்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கிட்டார் செட்டப், ரிப்பேர் வேலை பார்க்கும் நம் பத்தியாளர் இந்த முறை, கலைஞர்கள் பெயரில் வரும் 'சிக்னேச்சர்' எலெக்ட்ரிக் கிட்டார்கள் பற்றிப் பதில் சொல்கிறார்.

கேள்வி: சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரில் பழகிவிட்டேன். ப்ளூஸும் பழைய சினிமாப் பாட்டும் வாசிப்பேன். ஃபெண்டர் எரிக் கிளாப்டன் ஸ்ட்ராட், பிஆர்எஸ் எஸ்இ சில்வர் ஸ்கை, ஸ்குவையர் ஜே மாஸ்கிஸ் ஜாஸ்மாஸ்டர் மூன்றில் எதை வாங்கலாம்? பெயருக்குக் கொடுக்கும் பணம் வீண்தானா?
– வாசகர், திருச்சி

பதில்: வீண் என்று சொல்ல மாட்டேன். கிளாப்டன் கிட்டாரை வாங்கினால் கிளாப்டன் டோன் வந்துவிடாது; அதில் பாதிக்கு மேல் விரலும் ஆம்பும் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டியும்)தான். ஆனால் ஒரு நல்ல சிக்னேச்சர் மாடலில், 'இது எனக்குச் சரிப்படவில்லை, மாற்றிக் கொடுங்கள்' என்று அந்தக் கலைஞர் கேட்டு வாங்கிய மாற்றங்கள் இருக்கும். அவை உங்கள் கைக்கும் தேவையா என்று மட்டும் பாருங்கள்.

ப்ளூஸ், ராக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் பெயரிலான ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) 1988-ல் வந்தது. ஃபெண்டர் ஒரு கலைஞர் பெயரில் விற்ற முதல் மாடல் அதுதான். உள்ளே ஒரு சின்ன ப்ரீஆம்ப் (சிக்னலைக் கூட்டும் மின்சுற்று) இருக்கிறது. குமிழைத் திருப்பினால் மிட் (நடு அலைவரிசை) பகுதி 25 டெசிபல் வரை ஏறும். மெல்லிய சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) சத்தம் தடித்து, கிட்டத்தட்ட ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) மாதிரி ஆகிவிடும். தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் அந்த பிக்கப்பும் இரைச்சல் இல்லாத வகை. டியூப் லைட்டும் ஃபேன் ரெகுலேட்டரும் இருக்கும் நம் வீட்டு அறைகளில் இது பெரிய நிம்மதி. ஆனால் 9 வோல்ட் பேட்டரி வேண்டும், வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் பேட்டரி தீர்ந்துவிடும். நெக்கின் (கிட்டார் கழுத்தின்) பின்புறம் லேசான 'வி' வடிவம். கட்டைவிரலை மேலே வளைத்துப் பிடிப்பவர்களுக்கு அது சுகம்; நெக்கின் பின்புற நடுவில் ஊன்றி வாசிப்பவர்களுக்கு அந்த மேடு உறுத்தும்.

சில்வர் ஸ்கையில்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜான் மேயருக்காக பிஆர்எஸ் நிறுவனம் 2018-ல் கொண்டுவந்த அமெரிக்கத் தயாரிப்பில் ஃப்ரெட்போர்டு (விரல் வைக்கும் பலகை) வளைவின் ஆரம் 7.25 அங்குலம், அதாவது பழைய ஃபெண்டர் வளைவு. கார்டு பிடிக்க உள்ளங்கையில் அழகாக உட்காரும். ஆனால் ஆக்‌ஷனை (தந்தி பலகைக்கு மேல் நிற்கும் உயரத்தை) இறக்கி வைத்துக்கொண்டு முதல் தந்தியை 15-ஆம் ஃப்ரெட்டில் (உலோக மெட்டில்) ஒரு முழு ஸ்வரம் பெண்ட் செய்து (பக்கவாட்டில் இழுத்து) பாருங்கள். ஏறிக்கொண்டே போகும் சத்தம் மேலே போனதும் பட்டென்று அடைத்துக்கொள்ளும். பெண்ட் செய்யும்போது தந்தி வளைவின் மேட்டைக் கடந்து போகிறது. அங்கே மேல் ஃப்ரெட் ஏதாவது ஒன்றில் இடிக்கிறது. ஆக்‌ஷனை ஏற்றினால் சரியாகும், ஆனால் விரல் வலிக்கும். இந்தோனேசியாவில் செய்யும் எஸ்இ மாடலில் ஆரத்தை 8.5 அங்குலமாக்கி, கொஞ்சம் தட்டையாக்கிவிட்டார்கள். விலை குறைந்த கிட்டாரில் பெண்ட் செய்வது இன்னும் சுலபம்! அமெரிக்க மாடல் வந்தபோது விலை 2,299 டாலர். 2022-ல் எஸ்இ வந்தபோது 849 டாலர். எஸ்இயில் உடலுக்கு ஆல்டருக்குப் பதில் பாப்லர் மரம். ட்ரம்ஸும் பேஸும் சேர்ந்து ஒலிக்கும்போது அந்த வித்தியாசத்தைக் காதால் பிரிக்க முடியும் என்று நான் நம்பவில்லை. டோன் மணி மாதிரி தெளிவு. ப்ளூஸுக்கும் பழைய பாட்டின் இடையிசைக்கும் பொருத்தம்.

ராக் கிட்டார் கலைஞர் ஜே மாஸ்கிஸ் பெயரிலான ஜாஸ்மாஸ்டரை மட்டமாக நினைக்காதீர்கள். 1958-ல் வந்த மூல ஜாஸ்மாஸ்டரில் பலமாக அடித்தால் தந்தி பிரிட்ஜின் (உடல் பக்கம் தந்தியைத் தாங்கும் பகுதியின்) பள்ளத்திலிருந்து நழுவும். இதில் கிப்சன் பாணி பிரிட்ஜ் போட்டு அந்தத் தொல்லையைத் தீர்த்திருக்கிறார்கள். மூன்றிலும் விலை குறைவு இதுதான். சத்தம் தடிமன், ஆனால் ஸ்ட்ராட்டின் அந்த மினுமினுப்பு வராது.

உங்களுக்கு எஸ்இ சில்வர் ஸ்கை. மிச்சப் பணத்தில் நல்ல ஆம்ப் வாங்குங்கள். கடையிலேயே மூன்றாம் தந்தியை மெதுவாக ட்யூன் செய்து பாருங்கள். 'டிக்' என்று தாவித் தாவி ஏறினால் நட் (நெக் முனையில் தந்தி உட்காரும் துண்டு) பள்ளம் இறுக்கம் என்று அர்த்தம். அது சின்ன வேலைதான், செட்டப் செய்யும்போதே சரி செய்துவிடலாம்.

கேள்வி: லெஸ் பால் மேல் எனக்கு உயிர். ஆனால் ஒரு மணி நேரம் நின்று வாசித்தால் தோள் விட்டுப் போகிறது. கையும் சிறியது. என்ன செய்ய?
– வாசகி, கோவை

பதில்: தோள் வலியோடு பழகிக்கொள்ளாதீர்கள், அம்மா. கிப்சனின் லெஸ் பால் கிட்டார் பெரும்பாலும் 4 கிலோவைத் தாண்டும். முதலில் அகலமான தோல் ஸ்ட்ராப் போட்டுப் பாருங்கள். அப்படியும் வலித்தால், பாடகி செயின்ட் வின்சென்ட் மியூசிக் மேன் நிறுவனத்தோடு சேர்ந்து வடிவமைத்து 2016-ல் வந்த மாடலை ஒருமுறை மாட்டிப் பாருங்கள். எடை குறைவாகவும் பெண்களின் உடம்போடு ஒத்துப்போகும்படியும் இருக்க வேண்டும் என்று யோசித்துச் செய்தது அது. ஸ்டெர்லிங் பெயரில் விலை குறைந்த வடிவமும் உண்டு. ஒன்று மட்டும் மாறும்: லெஸ் பாலின் தந்தி நீளம் 24.75 அங்குலம், இதில் 25.5. ஃப்ரெட் இடைவெளி சற்றுக் கூடும், தந்தியும் கொஞ்சம் விறைப்பாகத் தெரியும். ஒரு அளவு மெல்லிய தந்தி போட்டால் அந்த விறைப்பு தளர்ந்துவிடும். பிஆர்எஸ் எஸ்இ சான்டானாவில் நீளம் 24.5தான், ஆனால் நெக் தடிமன், சின்னக் கைக்கு நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: வீணை கற்றவன். கிட்டாரில் கமகம் வர, ஃப்ரெட்களுக்கு நடுவே மரத்தைக் குடைந்த, ராக் கிட்டார் கலைஞர் மால்ம்ஸ்டீன் பெயரிலான ஸ்ட்ராட் வாங்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்களுக்குப் பொருந்தும். விக்கு விநாயக்ராமும் எல். சங்கரும் இருந்த சக்தி என்ற ஃப்யூஷன் குழுவில் ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் வாசித்ததும் குடைந்த ஃப்ரெட்போர்டு கிட்டார்தான். விரல் மரத்தில் உரசாததால் தந்தியை நன்றாகப் பிடித்து இழுக்கலாம். ஆனால் அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் சுருதி ஏறிவிடும். கார்டு பிடிக்கும்போது இது உடனே காதில் விழும். முதலில் யாரிடமாவது இரவல் வாங்கி, தோடியை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள்.