தொண்டு நிறுவனத்துக்கென்று ஒரு சிறு பதிப்பகம் தொடங்குவது எப்படி? எவ்வளவு செலவாகும்?

கேட்டவர் பதிவு பெற்ற அறக்கட்டளை ஒன்றைச் சேர்ந்தவர். தங்கள் நூல்களைத் தாங்களே வெளியிட நினைக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு எழுதுகிறேன்.

திண்டுக்கல் பக்கம் வலி தணிப்புப் பராமரிப்பு செய்யும் ஒரு சிறிய அறக்கட்டளையில் வேலை செய்கிறேன். படுக்கையில் கிடப்பவரை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு கைநூல் போட்டோம். அதற்குப் பிறகு இன்னும் நான்கு நூல்கள் வந்துவிட்டன. ஆனால் பதிப்புத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதி, அந்த முதல் நூலில் செய்த முட்டாள்தனத்தால் வந்தது.

300 பிரதிக்கும் 1000 பிரதிக்கும் அச்சகத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆப்செட்டில் தகடு செய்வதும் இயந்திரத்தைத் தயார் செய்வதும் எத்தனை பிரதி அடித்தாலும் ஒரே செலவுதான். அதனால் 1000 அடித்தால் ஒரு பிரதியின் அடக்கவிலை வெகுவாக இறங்கும். கணக்கில் பிழையில்லை. அந்த 1000 பேர் யார் என்பதைத்தான் நாங்கள் யோசிக்கவில்லை. வெளியீட்டு விழாவுக்கு வந்த எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தோம். விழா முடிந்ததும் மண்டபத்தைப் பெருக்க வந்த அக்கா, நாற்காலிகளில் கிடந்த எழுபது பிரதிகளை அழகாக அடுக்கி என் கையில் தந்தார். மற்றவை மருந்து அறையில் இரண்டு மழைக்காலத்தைக் கழித்தன. கரையான் மட்டும் கடைசிப் பக்கம்வரை படித்தது.

இரண்டாவது முறை அச்சகத்துக்குப் போகுமுன் எங்கள் செவிலியர்களிடம் கேட்டேன்: மாதத்துக்கு எத்தனை புதிய வீடுகளுக்குப் போகிறீர்கள்? இருபத்தைந்து என்றார்கள். ஆறு மாதத்துக்கு 150. அக்கம்பக்கத்து மருத்துவமனைகளுக்கு ஒரு 100. ஆக 250 பிரதிகளை, தகடு தேவைப்படாத டிஜிட்டல் முறையில் அடித்தோம். அடக்கவிலை கூடுதல்தான், ஆனால் ஒன்றுகூடத் தேங்கவில்லை. எனவே எவ்வளவு பணம் வேண்டும் என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, உங்கள் ஊழியர்கள் ஆறு மாதத்தில் நேரில் பார்க்கும் ஆட்களை எண்ணுங்கள். அச்சகத்தில் சொல்ல வேண்டிய எண் அதுதான்.

விலையும் வையுங்கள். நாங்கள் 60 ரூபாய் வைத்தோம். கொடுக்க முடியாத வீட்டில் செவிலியர் சும்மா கொடுத்துவிட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். காசு கொடுத்து வாங்கிய வீடுகளில் புத்தகம் தலையணைப் பக்கத்திலேயே இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இனி காகித வேலைகள். தனி நிறுவனம் எதுவும் தேவையில்லை. அறக்கட்டளையின் கீழேயே ஒரு பதிப்புப் பெயர் போதும். அறக்கட்டளைப் பத்திரத்தின் நோக்கங்களில் நூல் வெளியீடு இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். விற்பனை வரவுக்குத் தனிக் கணக்குப் புத்தகம் வைக்கச் சொல்லி எங்கள் ஆடிட்டர் முதல் நாளே பிடிவாதமாக நின்றார். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 11(4ஏ) பிரிவு அதைத்தான் கேட்டது. அச்சிட்ட நூலுக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் அதனாலேயே அச்சுக் கூலிக்குக் கட்டும் ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறவும் முடியாது. அதையும் அடக்கவிலையில் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு நூலுக்கும் உரிய உலக அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமை இணையவழியில் தருகிறது, கட்டணமே இல்லை. வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். நூல் வந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் மும்பை, டெல்லியில் உள்ள இரண்டு நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. பலரும் அனுப்புவதில்லை. நாங்கள் அனுப்புகிறோம்.

எழுதுபவர்களிடம் உரிமைக் கடிதம் வாங்குவதில்தான் தொண்டு நிறுவனங்கள் சறுக்குகின்றன. இலவசமாக எழுதித் தந்த மருத்துவரிடம் போய்க் கையெழுத்துக் கேட்பதா என்ற கூச்சம். எங்களுக்கும் இருந்தது. பிறகு ஒரு தாளில் இரண்டு வரி எழுதி வாங்கினோம். அதில் காலமும் இல்லை, நாடும் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிக்காவிட்டால் ஐந்தாண்டு, இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும். யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அமைப்பு மறுபதிப்புக்குக் கேட்டபோதுதான் இது தெரிந்தது. எழுதிய ஆறு பேரையும் தேடிப் பிடித்து மறுபடி கையெழுத்து வாங்க நான்கு மாதம் ஆனது.

அடுத்த தலைவலி தட்டச்சு. ஒரு கட்டுரை வானவில், ஒன்று பாமினி என்று பழைய எழுத்துருக்களில் வந்தன, மற்றவை யூனிகோடில். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றியபோது ‘ஔ’ எல்லாம் ‘ஒ’வும் ‘ள’வுமாகப் பிரிந்து கிடந்தது. அது பரவாயில்லை, கண்ணை உறுத்தும். உறுத்தாத பிழைதான் ஆபத்து: 0.5 மில்லி என்ற இடத்தில் 5 மில்லி. தமிழாசிரியர் இரண்டு முறை மெய்ப்புப் பார்த்தும் தப்பிய அதை ஒரு செவிலியர் பிடித்தார். அன்றிலிருந்து மொழிக்கு ஒருவர், விஷயத்துக்கு ஒருவர் என்று இரண்டு மெய்ப்பு.

எழுத்தைப் பெரிதாக வைக்க வேண்டியிருந்தது. படிப்பவர்களில் பாதிப் பேருக்கு வயது அறுபதுக்கு மேல். காகிதச் செலவு ஏறியது. தரங்கம்பாடியில் முந்நூறு ஆண்டுக்கு முன் அச்சகம் வைத்த பாதிரியார்களுக்கும் இதே சிக்கல்தான்: ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள், பொறையாற்றில் காகித ஆலையும் வைத்தார்கள். நாங்கள் எழுத்தைக் குறைக்காமல் அத்தியாயங்களைக் குறைத்தோம். டெம்மி அளவில் 64 பக்கம், அதாவது 16 பக்கம் கொண்ட பாரம் நான்கு, நடுவில் கம்பிப் பின். ஒரு கையால் நோயாளியைப் பிடித்துக்கொண்டே படிப்பவருக்கு, விரித்து வைத்தால் விரிந்தபடி இருக்கும் புத்தகம் வேண்டும். கடைக்காரர்களுக்கு இது பிடிக்காது. முதுகில்லாத புத்தகத்தை அலமாரியில் அடுக்கினால் பெயர் தெரியாது. கடைக்கு 35 விழுக்காடு கழிவு கொடுத்து 60 ரூபாய் நூலை விற்பதில் நமக்கும் ஒன்றும் மிஞ்சாது. எனவே கடைகளை விட்டுவிட்டோம். அரசு நூலகங்களுக்கு நூல் வாங்கும் நூலக ஆணையை நம்பியும் அச்சிடாதீர்கள், வந்தால் வரட்டும்.

தபாலில் அனுப்பப் பழைய பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றபோது திண்டாடினோம். 2025 மே மாதம் நூல்களுக்கென வந்த கியான் போஸ்ட் என்ற அஞ்சல் சேவை ஓரளவு கைகொடுக்கிறது. தொடங்கியபோது 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி.

பின்னட்டையில் எங்கள் தொலைபேசி எண்ணைப் பெரிதாகப் போட்டிருக்கிறோம். ஒரு நாள் ஒரு அம்மா அழைத்தார். “23ஆம் பக்கத்தில் ரெண்டு பேர் சேர்ந்து திருப்பிப் படுக்க வைக்கிற மாதிரிப் படம் போட்டிருக்கிறீர்கள். என் வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். நான் என்ன செய்ய?” என்றார். மடித்த போர்வையை அடியில் போட்டு ஒருவராகவே திருப்பும் முறையை செவிலியர் தொலைபேசியிலேயே சொல்லிக் கொடுத்தார். கையிருப்பில் அப்போது 40 பிரதிதான் இருந்தது. அடுத்த 250இல் அந்தப் பக்கத்தை மாற்றிவிட்டோம்.