சேம அச்சு

அன்புள்ள ஐயா,

எனக்கு 31 வயது. கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை. பழைய வேன் ஒன்றை வாங்கி ஓராண்டு ஊர்சுற்றுவதென்று நானும் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம். போகிற ஊர்களில் கைவினைப் பொருட்களை வாங்கி இணையத்தில் விற்று, அந்த வருமானத்திலேயே பெட்ரோலையும் சாப்பாட்டையும் பார்த்துக்கொள்ளலாம் என்பது திட்டம். நீங்களும் இரண்டு ஆண்டுகள் இப்படி அலைந்து விற்றதாக எழுதியிருந்தீர்கள். மாதம் முப்பதாயிரம் தேறுமா? வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்பலாமா? அப்பா இதை நாடோடிப் பிழைப்பு என்கிறார்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். வீட்டைக் காலி செய்யாதீர்கள். செய்தே ஆக வேண்டுமென்றால், கதவைத் திறந்து பார்சலை வாங்கிவைக்க ஆள் இருக்கிற இன்னொரு வீட்டை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். வேன் அப்புறம்.

நான் முதலில் வாங்கி அடுக்கியது தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைகளை. பார்த்தவர்கள் எல்லோருக்கும் பிடித்தது, படத்திலும் அழகாக விழுந்தது. ஒரு பொம்மை 300 கிராம்கூட இருக்காது. உடையாமல் போய்ச் சேர வேண்டுமே என்று 30 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரமுள்ள அட்டைப்பெட்டியில் காகிதச் சுருள்களுக்கு நடுவே வைத்து ஒட்டினேன். கொரியர் அலுவலகத்துப் பையன் அதைத் தராசில் வைத்துவிட்டு, அளவு நாடாவையும் எடுத்தான். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் வருவது ஒரு கிலோக் கணக்கு. அதுவா, தராசு காட்டுவதா, எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். என் 300 கிராம் பொம்மை 3.75 கிலோ ஆகிவிட்டது. சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்று பாட்டி சொன்னபோது சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு மதுரைச் சுங்குடிக்கு மாறினேன். சேலையை மடித்தால் 30, 25, 3 செ.மீ.; அளவுக் கணக்கில் அரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும், உடையவும் உடையாது. ஆனால் அதிலும் ஒரு வம்பு. நூலால் முடிச்சுப்போட்டுச் சாயம் தோய்த்த சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் சற்றே மேடிட்டுச் சுருங்கியிருக்கும். கைவேலை என்பதற்கு அடையாளமே அதுதான். மெழுகு அச்சில் வருகிற சேலையில் அது இருக்காது. வாங்கிய இரண்டு பேர் "கசங்கிய சேலை" என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். அதன் பிறகு ஒற்றைப் புள்ளியை மட்டும் அருகில் வைத்து ஒரு படம் எடுத்து, கீழே நான்கு வரி எழுதிப் போட்டேன். திரும்பி வருவது வெகுவாகக் குறைந்தது. (உடன்குடிக் கருப்பட்டியும் முயன்றேன். மே மாதத்து வேன், எறும்பு. இதற்குமேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.)

திருப்பி அனுப்பினார்கள் என்றேன். எங்கே? அங்கேதான் வேன் வாழ்க்கை இடறுகிறது. பொருள் திரும்பி வர நிலையான முகவரி வேண்டும். நான் கொடுத்திருந்தது திண்டுக்கல்லில் பூட்டிக்கிடந்த என் வாடகை வீட்டை. பார்சல் மதில் மேல் நனைந்துகொண்டிருந்த நேரத்தில் நான் வால்பாறையில் இருந்தேன். அங்கே தங்கிய இடத்தில் சிக்னல் இல்லை. மூன்று ஆர்டர்கள் வந்ததே இரண்டு நாள் கழித்து, பொள்ளாச்சிப் பக்கம் இறங்கும்போதுதான் தெரிந்தது. அனுப்பும் கெடு தாண்டியிருந்தது. நான் விற்றுவந்த இணையத் தளத்தார் என் விற்பனைக் கணக்கை நிறுத்திவைத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் முறையை மாற்றினேன். வாங்குவதற்கு மட்டும்தான் அலைவது. சரக்கைப் பஸ்ஸிலோ கொரியரிலோ மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். அவர் மர அலமாரியில் தட்டுத்தட்டாக அடுக்கி, பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எண் எழுதி ஒட்டிவைப்பார். ஆர்டர் வந்தால் போனில் எண்ணைச் சொல்வேன், கட்டி அனுப்புவார். பார்சலுக்கு இருபது ரூபாய் அவருக்கு. ஒரு சேலைகூட மாறிப் போனதில்லை. நான் கட்டிய காலத்தில் நான்கு மாறின.

ஜி.எஸ்.டி.யும் முகவரி கேட்கும். இணையத் தளங்கள் வழியாகத் தமிழகத்துக்குள் மட்டும் விற்பதானால், ஆண்டு விற்றுமுதல் 40 லட்ச ரூபாயைத் தாண்டாதவரை பதிவு தேவையில்லை. பான் எண்ணைக் கொடுத்து ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். 2023 அக்டோபர் 1 முதல் இந்தச் சலுகை இருக்கிறது. பெங்களூருக்கு ஒரு சேலை அனுப்புவதென்றால் பொதுவாகப் பதிவு வேண்டும். பதிவுக்குத் தொழிலிடத்தின் மின்கட்டண ரசீதும், வாடகை ஒப்பந்தமோ வீட்டுக்காரரின் சம்மதக் கடிதமோ கேட்பார்கள். வேனின் ஆர்.சி. புத்தகத்தை நீட்ட முடியாது. அச்சிட்ட புத்தகத்துக்கு வரி இல்லாததால், புத்தகம் மட்டும் விற்பவருக்குப் பதிவுக் கட்டாயமும் இல்லை. பழைய புத்தகக் கடைகளில் புரண்டு பழகியவரென்றால் அதையும் யோசியுங்கள்.

முப்பதாயிரம்? எனக்கு நல்ல மாதத்தில் செலவெல்லாம் போக 14,000 நின்றது. அதிகம் நின்றது ஒரு தீபாவளி மாதத்தில். அந்த மாதம் நான் எங்கேயும் சுற்றவில்லை, மாமியாரோடு உட்கார்ந்து பொட்டலம் கட்டினேன். பொருளைப் பெறும்போது பணம் தருவதாகச் சொல்லிவிட்டுக் கதவைத் திறக்காதவர்கள் உண்டு. போகிற கூலியும் வருகிற கூலியும் அப்போது நம் தலையில். ஒழுங்காக விற்றதற்கும் பணம், திருப்பி அனுப்பும் கெடு கழிந்துதான் கைக்கு வரும். கைவினைஞருக்கோ அன்றைக்கே கொடுத்தாக வேண்டும். அவரிடம் கடன் சொல்லாதீர்கள்.

அப்பா சொன்னதைப் பற்றி. சங்கப் பாடல்களில் வருகிற உமணரும் குடும்பத்தோடு வண்டி கட்டி, ஊர் ஊராகப் போய் உப்பை விற்றவர்கள்தாம். மேடு பள்ளத்தில் வண்டி என்னாகும் என்று யாருக்குத் தெரியும் என்று, அச்சுக்குக் கீழே இன்னொரு அச்சையும் கட்டிக்கொண்டே கிளம்பினார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். உங்கள் கணக்கில் அது ஆறு மாதச் செலவுக்கான பணம். விற்பனையிலிருந்து அல்ல, இப்போதைய சம்பளத்திலிருந்து சேர்த்தது.

இன்னொன்று, உங்கள் அப்பா ஓய்வு பெற்றவரா? வீட்டில் ஓர் அலமாரி காலியாக இருக்குமா? பார்சலுக்கு இருபது ரூபாய் என்று சொல்லிப் பாருங்கள். இருபத்தைந்து கேட்பார், கொடுத்துவிடுங்கள்.