சாம்பல் அடித்தோம், நீலமாகத் தெரிகிறதே!

கேள்வி: ஷேடு கார்டில் அழகான இளம் சாம்பல் நிறமாக இருந்தது. ஹால் முழுக்க அடித்து முடித்தால் வெளிர் நீலமாகத் தெரிகிறது, ராத்திரியில் இன்னும் மோசம். கலவையில் தப்பு நடந்திருக்குமா? படுக்கையறைக்கும் சாம்பல்தான் அடிக்க நினைத்தோம், இப்போது பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி

பதில்: கலவை அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். கருப்பையும் வெள்ளையையும் மட்டும் கலந்தாலே அந்தச் சாம்பலில் லேசாக நீலம் தட்டும், அதனால் கம்பெனிகள் கொஞ்சம் மஞ்சள், பச்சை, சிவப்பு என்று ஏதாவது சேர்த்துத்தான் ஒவ்வொரு ஷேடையும் உருவாக்குகிறார்கள். அந்தச் சாயல் கார்டில் இருக்கும் சின்னச் சதுரத்தில் தெரியாது. நாலு சுவரிலும் அடித்த பிறகு ஒரு சுவரின் நிறம் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும்போதுதான் பளிச்சென்று வெளியே வரும். தரை மர நிறத்திலோ செங்கல் நிறத்திலோ இருந்தால், அதன் பக்கத்தில் சாம்பல் இன்னும் நீலமாகத் தோன்றும்.

ராத்திரியில் மோசம் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், எனக்கு முதல் சந்தேகமே பல்பு மேல்தான். அட்டைப்பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் அது நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம். தயவுசெய்து மறுபடி பெயின்ட் அடிக்கும் முன் மஞ்சள் கலந்த வெளிச்சம் தரும் 2700 அல்லது 3000 கெல்வின் பல்பு மாட்டி ஒரு வாரம் இருந்து பாருங்கள். பகல் வெளிச்சத்துக்கு இது உதவாது, ஆனால் மாலைக்குமேல் அறையே வேறு மாதிரி இருக்கும்.

சரி, படுக்கையறை. சாம்பலைக் கைவிட வேண்டாம், மஞ்சளோ பழுப்போ லேசாகக் கலந்த சாம்பலாகப் பாருங்கள், குறிப்பாக நேர் வெயில் வராத அறை என்றால். சாயலைக் கண்டுபிடிக்க, கார்டில் அதே வரிசையில் இருக்கும் மிக அடர்த்தியான ஷேடைப் பாருங்கள், உள்ளே இருப்பது நீலமா ஊதாவா பச்சையா என்று அது காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் சின்ன டப்பா வாங்கி, பெரிய வெள்ளை அட்டையில் இரண்டு கோட்டு அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு (எமல்ஷன் பெரும்பாலும் காய்ந்ததும் கொஞ்சம் அடர்ந்துவிடும்) ஜன்னல் பக்கம், இருட்டு மூலை, கட்டில் தலைமாட்டுப் பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்து, காலை, மதியம், விளக்கு போட்ட பிறகு என்று மூன்று வேளையும் பாருங்கள். அட்டையின் ஓரத்தில் வெள்ளை விளிம்பு விடுவது முக்கியம். பக்கத்தில் இருக்கும் நிறம் நம் கண்ணை எவ்வளவு மாற்றிவிடும் என்று 1839-லேயே செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் ஒரு புத்தகமே எழுதினார், பழைய சுவர் நிறத்தின் மேலேயே சாம்பிள் அடித்துப் பார்ப்பவர்கள் ஏமாறுவது அதனால்தான்.

அறை இருட்டாக இருந்தால் ஷேடின் எல்ஆர்வி எண்ணையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்று கருப்புக்கு 0, வெள்ளைக்கு 100 என அளக்கும் கணக்கு அது, நான் 60-க்குக் கீழே போகமாட்டேன்.